பதினோரு முகங்களும் ஒரு தலையணை உறையும்

யூனா டிபோ வரைந்த முகங்களைப் பார்த்துத் தலைநகரத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பார்த்துவிட்டுச் சும்மா போகக்கூடிய படங்களா அவை! நான்காவது படத்தில் இருப்பது அவள் புருஷன் லியோ. பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, மூஸ் மான் இறைச்சி இன்னும் ஏன் வேகவில்லை என்று பொக்கை வாயோடு அடுப்பை முறைக்கிற லியோ. வரைந்து முடித்த அன்று லியோவே அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் நாலு தட்டுத் தட்ட வேண்டியதாயிற்று. இங்கே தலைநகர் செயின்ட் ஜான்ஸில், வழவழத்த தரையில், கறுப்பு உடுத்திய மனிதர்கள் அதே படத்தின் முன் சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள்.

நின்றார்கள் என்பதுகூட முழு உண்மை அல்ல. நிறுத்தப்பட்டார்கள். மாகாண முகச்சித்திர மேன்மைக் கழகம் நடத்துகிற காட்சியில் யாரும் தன் இஷ்டத்துக்குப் படம் பார்த்துவிட முடியாது. வாசலிலேயே பயிற்சி உண்டு. படத்தின் முன் வந்ததும் கால்களைச் சேர்த்து வைக்க வேண்டும். தலையை இடது பக்கம் சாய்க்க வேண்டும். மூச்சை இழுத்து, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி மூக்கு வழியாக விட வேண்டும். அப்புறம் மௌனம். மௌனத்தில் சாதாரணம், ஆழம், மிக ஆழம் என்று ரகங்கள் உண்டு. எவருடைய மௌனம் எந்த ரகம் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ள, எதிர்வினைப் பதிவாளர் என்ற பதவியில் கார்லீன் ஸ்னூக் என்ற பெண் இருந்தாள். அவள் ஓர் உயரமான ஸ்டூலில், படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பதிவாளர் படத்தைப் பார்த்துவிட்டால் பதிவு செல்லாது என்பது விதி. ஏழு வருஷ சர்வீஸில் அவள் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதற்காக அவளுக்கு ஒரு முறை விருதுகூடக் கொடுத்திருந்தார்கள்.

லியோவின் முன் ஓர் அம்மாள் வந்து நின்று தலையைச் சாய்த்தாள். மூச்சு விட்டாள். கண்கள் பனித்தன.

"மீனெல்லாம் அத்துப்போன கடலோட வெறுமை," என்று முணுமுணுத்தாள். "அத்தனையும் அந்த வாய்க்குள்ள இருக்கு."

"வெறுமையெல்லாம் இல்லீங்க," என்றாள் யூனா. "பல் செட்டு டம்ளர்ல கெடந்துச்சு."

கார்லீன் நிமிராமலே சொன்னாள்: "ஓவியரோட எதிர்வினை செல்லாது மேடம். தயவுசெஞ்சு பேசாதீங்க."

அம்மாள் 'மிக ஆழம்' வாங்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

ஆழம் தெரியாமல் காலை விட்டது யூனாதான். பிரிம்ஸ் குடாவில் படகுகளின் பக்கவாட்டில் பெயர் எழுதுவது அவள் தொழில். குளிர்காலத்தில் படகெல்லாம் கரையேறிவிடும், எழுத ஒன்றும் இருக்காது. கை சும்மா இருக்கமாட்டாமல் ஊர்க்காரர்களின் முகங்களை வரைய ஆரம்பித்து, பதினொன்று சேர்ந்ததும் ஊர்ப் பொது மண்டபத்தில் மாட்டினாள். கோடையில் கழகத்தின் தலைவர் டாக்டர் டெஸ்மண்ட் பிளைத் அந்தப் பக்கம் வந்தார். மண்டபத்துக்குள் போய், படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, படம் பார்க்க வந்தவர்களையே நெடுநேரம் பார்த்தார். பிறகு யூனாவின் வீட்டுக்கு வந்து பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். தேநீர் ஆறிப்போகிறதே, மனிதர் கையெழுத்து வாங்கினால்தான் வாயை மூடிக் குடிப்பார் போலிருக்கிறதே என்று யூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். படங்களுக்குப் பளபளவென்று சட்டம் போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடியில் அவள் எழுதியிருந்த பெயர்களை மட்டும் மறைத்துவிட்டார்கள். லியோ 'பெயரிடப்படாதது நான்கு' ஆனான்.

"அவருக்குப் பேரு இருக்குதுங்களே," என்று யூனா தலைநகரத்தில் கேட்டாள். "அவங்க அம்மா வெச்ச பேரு."

டாக்டர் பிளைத் பொறுமையாகப் புன்னகைத்தார். "மிசஸ் டிபோ, இன்னார்னு தெரிஞ்சுட்டா ஜனங்க அந்த ஆளைப் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. நமக்கு வேண்டியது அது இல்ல."

அன்று மாலை அவர் மேடையேறி ஆற்றிய உரையை யூனா அப்புறம் மறக்கவே இல்லை. மறக்கவும் முடியாது. மூன்று ஊரிலும் அதையேதான் ஆற்றினார்.

"பெருமக்களே! படத்தைக் கை வரைகிறது. ஆனால் எதிர்வினைதான் அதைப் பெற்றெடுக்கிறது. எதிர்வினை பதிவாகாத படம் படமே அல்ல. அது சட்டம் மாட்டிய துணி! எனவேதான் நம் கழகம் மூன்று இடங்களில் காட்சி நடத்துகிறது. தலைநகரில் ஒன்று, நடுவழி ஊரில் ஒன்று, ஓவியரின் சொந்த ஊரில் ஒன்று. இது ஒரு முக்காலி. முக்காலியில் ஒரு கால் இல்லையென்றால் மற்ற இரண்டும் கால்கள் அல்ல, விறகு! மூன்றிலும் தேறிய படங்கள் பித்தளைப் பலகையோடு அவற்றின் ஊருக்கே திரும்பும். தேறாதவை ஓய்வுக்கு அனுப்பப்படும்."

கைதட்டல் அடங்கியதும் யூனா கார்லீனிடம் போய்க் கேட்டாள். "ஓய்வுன்னா என்னம்மா?"

"பூமிக்கடியில ஒரு அறை மேடம். குளுகுளுன்னு இருட்டா இருக்கும். பூட்டிடுவோம். படத்துக்கு ரொம்ப நல்லது."

"எப்ப வெளிய எடுப்பீங்க?"

"இதுவரைக்கும் எதையும் எடுத்ததில்ல. அவ்வளவு நல்லா ஓய்வெடுக்குது."

நடுவழி ஊரில் காட்சி ஒரு கடைவளாகத்தில் நடந்தது. அங்கே ஒரு வாலிபன் லியோவைப் பார்த்துப் பக்கென்று சிரித்துவிட்டான். உடனே இரண்டு ஊழியர்கள் அவனை ஒரு பக்கமாக அழைத்துப்போய், மரியாதையாக உட்கார வைத்து, சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். மழைக்கு ஒதுங்கிய லாரி டிரைவர் ஒருவர், பிரிம்ஸ் குடாவின் பெரியவர் அசரையா மாமாவின் படத்துக்கு முன்னால் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கிப்போனார். தலை தானாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. மூக்கிலிருந்து மூச்சு பிசகில்லாமல் வந்தது. கழகத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு நீண்ட 'மிக ஆழம்' பதிவானதில்லை என்று டாக்டர் பிளைத் தழுதழுத்தார். மழை விட்டதும் டிரைவர் விழித்துக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். அதையும் கார்லீன் குறித்துக்கொண்டாள்.

இரண்டு கால் தேறியாயிற்று. பாக்கி இருந்தது பிரிம்ஸ் குடா.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் படங்கள் ஊர் திரும்பின. மண்டபத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். வாசலில் பயிற்சி கொடுக்க நின்ற ஊழியரை, யாரோ பாவம் குளிரில் நிற்கிறார் என்று எல்லோரும் தோளில் தட்டி உள்ளே அழைத்துக்கொண்டே வந்தார்கள்.

"டேய், லியோ! பல்லு எங்கடா?"

"அடுப்பப் பாத்து மொறைக்கிறான் பாரு! இறைச்சி பயந்துபோய் வெந்திருக்கும்!"

அந்தக் கரையில் வயதில் மூத்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் மாமாவும் அத்தையும்தான். ரத்த சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. அசரையா மாமா தன் படத்தின் முன் போய் நின்று மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"யூனா! எனக்கு இவ்வளவு பெரிய மூக்கா? வெளையாடுறியா?"

"அது உங்கம்மா மூக்கு, அஸ்," என்று பின்னாலிருந்து பிலோமினா அத்தை சொன்னாள். "பிராது குடுக்கணும்னா கல்லறைக்குப் போய்க் குடு. யூனா கண்டதத்தான் போட்டிருக்கா."

சொல்லிவிட்டு அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏழாவது படத்துக்குப் போனாள். அது அவள் புருஷன் சிரில். படம் வரைந்து முடித்த இரண்டாம் மாதம், வசந்தத்தில், படகுத்துறையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். படத்தில் அவர் மஞ்சள் மழைக்கோட்டோடு சமையலறை நாற்காலியில் இருக்கிறார். கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை. பிலோமினா பேசும்போதெல்லாம் கேட்பதுபோல் நடிக்கிற முகம் ஒன்று சிரிலுக்கு உண்டு. புருவம் மேலே போயிருக்கும், காது மட்டும் எங்கேயோ இருக்கும். யூனா வரைந்திருந்தது அந்த முகத்தை.

பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சிரில். டவுனெல்லாம் சுத்திட்டு வந்திருக்கே. எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?"

பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தாள்.

"அதானே," என்றாள். "கட்டின நாள்லேருந்து இதே பதில்தான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள். ஸ்டூலில் இருந்த கார்லீன் தன்னிடமிருந்த கட்டங்களில் இது எதிலும் அடங்காததால் தவித்து, கடைசியில் 'படத்தோடு பேச்சு. பார்வையாளருக்கு உடல்நலம் சரியில்லை' என்று எழுதினாள்.

டாக்டர் பிளைத்தின் முகம் வெளுத்திருந்தது. இங்கே ஒரு மௌனம் இல்லை, சாதாரண ரகம்கூட இல்லை. தலையைச் சாய்த்தவர் ஒருவர்தான், அவரும் காதுக்குள் போன பனியைத் தட்டுவதற்காகச் சாய்த்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரும் வாய் கூசாமல் பெயரைச் சொன்னார்கள். கழகத்தின் விதியில் பெயர் சொல்வதைவிடப் பெரிய குற்றம் படத்தைக் கிழிப்பது மட்டும்தான். அவர் ஒரு பெஞ்சின் மேல் ஏறினார்.

"பெருமக்களே! இன்றைய எதிர்வினைகள் அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன. இன்று நடக்கவில்லை. நாளை மட்டுமே காட்சி. நாளை இந்த மண்டபம் கழகத்தின் வீடு, நான் அதன் தலைவன்; என் விதிப்படிதான் எல்லாம். இந்தக் கலை யாருக்காக? மக்களுக்காக! மக்களுக்காகவே வாழ்கிறோம் என்பதால்தான், மக்களிடமிருந்து இதைக் காப்பாற்ற வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. இருபது வருடங்களாக நான் ஒரு படத்தைக்கூட ரசித்ததில்லை. அந்தத் தியாகத்தை நீங்கள் செய்ய வேண்டாம். தலையைச் சாய்த்தால் போதும். அதுவும் முடியாதென்றால் பதினோரு படங்களும் ஓய்வுக்குப் போகும்."

பிறகு பயிற்சி நடந்தது. ஊரே வரிசையில் நின்றது. அசரையா மாமாவின் கழுத்து, காலமெல்லாம் படகின் எஞ்சினைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில், வலது பக்கம் மட்டும்தான் சாயும். இடது பக்கம் சாய்க்கச் சொன்னால் உடம்போடு சேர்ந்து சாய்ந்து பிலோமினாவின் மேல் விழுந்தார்.

"ஏன் சார்," என்று பிலோமினா அவரை நிமிர்த்தி நிறுத்திவிட்டுக் கேட்டாள், "கழுத்தச் சாய்ச்சாத் தெரியற மூஞ்சி, நேரா நின்னு பாத்தாத் தெரியாதா?"

"நேராகப் பார்த்தால் நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள், மேடம்."

"ஆமா, அவரத்தான் பாக்க வந்தேன்."

"அதுதான் தவறு," என்றார் டாக்டர் பிளைத்.

சாயங்காலம் யூனாவின் சமையலறையில் அவளும் லியோவும் அசரையா மாமாவும் பிலோமினாவும் கூடினார்கள். அடுப்பில் உப்பு மீன் வெந்துகொண்டிருந்தது. யாருக்கும் சாப்பாட்டில் மனம் போகவில்லை.

"போகட்டும் விடு," என்றார் அசரையா மாமா. "நாளைக்குத் தலையைச் சாய்ச்சுட்டுப் போவோம். அந்த ஆளுக்கும் சந்தோசம்."

"என் கழுத்து சாயாது," என்றாள் பிலோமினா. "சிரில ஒரு தடவ பொதைச்சாச்சு. அத நானே நின்னு செஞ்சேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம. ரெண்டாந்தடவ இருட்டறையில பொதைக்கிறதுக்கு நான் விடமாட்டேன். யூனா, நீ கையெழுத்துப் போட்டியோ காலெழுத்துப் போட்டியோ, எனக்குத் தெரியாது. அவர் இங்கதான் இருக்கணும்."

யூனாவுக்கு அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தான் வரைந்த முகத்தைத் தன் ஊர் பார்ப்பதற்கு, வெளியிலிருந்து வந்த ஒரு மனிதன் கழுத்தைத் திருகிக் காட்ட வேண்டுமா? மூன்று மாதம் அவர்கள் சொன்ன இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. இனி நிற்பதில்லை என்று அந்த அடுப்படியிலேயே முடிவு செய்துவிட்டாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

லியோ பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டான். ஏதாவது யோசிக்க வேண்டுமென்றால் அவனுக்கு அது வாயில் இருக்கக்கூடாது.

"அந்தப் பொண்ணு எதப் பாத்து எழுதுது?"

"பாக்க வர்றவங்க மூஞ்சியப் பாத்து," என்றாள் யூனா.

"மூஞ்சியே இல்லேன்னா?"

பிலோமினா மெல்ல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வருகிற பன்னிரண்டு நாளும் அந்தக் கரையில் முக்காட்டு நாட்கள். முகத்தை மூடிக்கொண்டு, ஆள் தெரியாமல் வேஷம் கட்டி, வீடு வீடாகப் போவார்கள். யாரென்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் முக்காட்டை எடுத்தாக வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் கேக்கும் ரம்மும் கொடுத்து உபசரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"முக்காலிக்கு ஒரு கால் இல்லேன்னா மத்த ரெண்டும் வெறகு," என்றாள் யூனா, டாக்டரின் குரலில். முகம் தெரியாவிட்டால் பதிவில்லை. இங்கே பதிவில்லை என்றால் மற்ற ஊர்ப் பதிவும் இல்லை. பதிவே இல்லாதது படமே இல்லை. படமே இல்லாததை எதை வைத்து எடுத்துக்கொண்டு போவார்?

"நாளைக்கு அந்த மண்டபம் அவரோட வீடுன்னு அவரே சொல்லிட்டாரு," என்றார் அசரையா மாமா. அவர் முகம் முழுக்க மூக்கும் சிரிப்புமாக இருந்தது. "அப்ப அவர்தான யாருன்னு சொல்லணும்?"

"எங்க வீட்டு ஜன்னல் திரை ரெண்டு போதுமா யூனா," என்று கேட்டுக்கொண்டே பிலோமினா கோட்டை மாட்டினாள்.

மறுநாள் பிற்பகல், பனி பொழிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத மண்டபத்தில் டாக்டர் பிளைத் நின்றிருந்தார். கார்லீன் படங்களுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் இருந்தாள். யூனா ஒரு மூலையில், ஓவியருக்கென்று ஒதுக்கிய இடத்தில் இருந்தாள். கதவைக் கட்டையால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"முக்காட்டுக்காரங்க உள்ள வரலாமா?"

மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே பேசுகிற குரல். அப்படிப் பேசினால் பெற்ற தாய்க்கும் பிள்ளையின் குரல் தெரியாது.

"பார்வையாளர்கள் அனைவரும் வரலாம்," என்றார் டாக்டர் பிளைத், கம்பீரமாக.

வந்தார்கள். தலையணை உறையில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டவர்கள். ஜன்னல் திரையால் முகத்தை மூடியவர்கள். மீன்பிடி உடுப்புக்கு மேலே பெண்களின் உள்ளாடையை மாட்டிய ஆம்பிளைகள். முதுகில் மெத்தையைத் திணித்துக் கூன் போட்டவர்கள். இடது காலில் ஒருத்தர் பூட்ஸ், வலது காலில் இன்னொருத்தர் பூட்ஸ். மணப்பெண் உடையில் ஆறடிக்கு ஒரு உருவம், நிறைமாத வயிற்றோடு. ஊரே வந்துவிட்டது. வந்து, சத்தம் போடாமல் படங்களின் முன் வரிசையாக நின்றது. கால்களைச் சேர்த்து வைத்தது. தலையை இடது பக்கம் சாய்த்தது. மூக்கு வழியாக மூச்சு விட்டது. ஒரே ஒரு கூனன் மட்டும் வலது பக்கம் சாய்த்தான்.

அப்பேர்ப்பட்ட மௌனத்தைக் கழகம் எங்கேயும் கண்டதில்லை. டாக்டர் பிளைத்துக்குப் புல்லரித்தது. "எழுது கார்லீன், எழுது!"

"என்னன்னு எழுதறது சார்? முகமே தெரியலையே."

"முகத்திலிருப்பதை எடுக்கச் சொல்லுங்கள்!"

"யாருன்னு சொல்லுங்க, எடுக்கிறோம்," என்றது கூன், மூச்சை இழுத்து. "வீட்டுக்காரர் சொல்லணும். அதான் முறை. சொல்லத் தெரியலேன்னா கேக்கு குடுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது!"

"மூணு ஊர்ல எங்க மூஞ்சிய மாட்டி வெச்சு வெளக்கம் சொன்னீங்களே சார்! இதோ செவுத்துல இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் பிளைத் சுவரின் பக்கம் திரும்பினார். இருபது வருஷத்தில் முதல் முறையாக இருக்கலாம். பழக்கதோஷம், தலை இடது பக்கம் சாய்ந்தது. படங்களைப் பார்த்தார். கூனைப் பார்த்தார். வலது பக்கம் சாய்ந்த கழுத்தைப் பார்த்தார். முக்காட்டுத் துணியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு நின்ற அந்த மகத்தான மூக்கையும் பார்த்தார்.

"மிசஸ்... பிலோமினா?"

தலையணை உறைகளெல்லாம் உள்ளுக்குள்ளிருந்து குலுங்கின. கூன் இடுப்பை ஆட்டி ஒரு சுற்று ஆடியது.

"தப்பு! கேக்கு எங்க?"

"கழகத்தில் கேக்குக்கு விதி இல்லை!" அவர் மணப்பெண்ணை நோக்கிக் கை நீட்டினார். "நீ... பெயரிடப்படாதது நான்கு!"

"எங்கம்மா எனக்குப் பேரு வெச்சிருக்காங்க," என்றது மணப்பெண். பல் செட்டு இல்லாததால் அது காற்றாக வந்தது. "அதச் சொல்லுங்க, எடுக்கிறேன்."

பேர் அவருக்குத் தெரியாது. பேரை மறைக்கச் சொன்னவர் அவர். ஒவ்வொன்றாக எண் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் ஊர் ஓர் ஆட்டம் ஆடியது. எட்டு என்றபோது மெத்தை அவிழ்ந்து இறகு பறந்தது. கடைசியில் அவர் வேர்த்து விறுவிறுத்து, ஸ்டூலைப் பார்த்துக் கத்தினார்.

"சும்மா உட்கார்ந்திருக்கிறாயே! நீயாவது பார்த்துச் சொல்லேன்!"

"நானா சார்?"

"நீதான்! திரும்பு! பார்!"

கார்லீன் ஸ்டூலிலிருந்து இறங்கித் திரும்பினாள். அவளுக்கு நேர் எதிரே ஏழாவது படம் இருந்தது. அதன் முன்னால் ஒரு முக்காடு, இதுவரை ஆடாமல் சிரிக்காமல், தலையைச் சாய்க்காமல் நேராக நின்றிருந்தது. முகத்தில் ஜன்னல் திரை. உடம்பில் தொளதொளவென்று ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. அதில் இரண்டாவது பொத்தான் இல்லை.

கார்லீன் படத்தைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். புருவத்தை மேலே தூக்கிவிட்டுக் காதை எங்கேயோ வைத்திருக்கிற அந்த மனிதரை மறுபடி பார்த்தாள். கழகத்தில் யாரும் அவ்வளவு நேரம் ஒரு படத்தைப் பார்த்ததில்லை. அவள் கழுத்து நேராகவே இருந்தது.

"இது..." என்றாள். "இவர் பேரு எனக்குத் தெரியாது. ஆனா இது இவருதான்."

ஆட்டம் நின்றுவிட்டது. பிலோமினா திரையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டாள்.

"பாதி சரி, கண்ணு. கோட்டு அவருது. அவர் பேரு சிரில்."

"சிரில்," என்றாள் கார்லீன். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

"முகம்!" என்று டாக்டர் பிளைத் துள்ளினார். "ஒரு முகம் தெரிகிறது! எழுது! மூன்றாவது கால் கிடைத்துவிட்டது! எந்த ரகமானாலும் பரவாயில்லை, எழுது!"

ஒரு பதிவு போதும். ஒரே ஒரு பதிவு இருந்தால் அவை படமாகிவிடும்; பெயர் சொன்ன குற்றத்துக்குத் தேறாமல் பதினொன்றும் ஓய்வுக்கு வண்டியில் ஏறிவிடும்.

கார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை மூடினாள்.

"எழுத முடியாது சார். நான் படத்தைப் பாத்துட்டேன்."

"அதனால் என்ன?"

"படத்தைப் பாத்த பதிவாளரோட பதிவு செல்லாது. நீங்க எழுதின விதி. பாக்கச் சொன்னதும் நீங்கதான் சார்."

மூலையிலிருந்து யூனா வெளியே வந்தாள். ஓவியருக்கென்று தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி, மண்டபத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"அப்ப இங்க பதிவு இல்ல. இங்க இல்லேன்னா மத்த ரெண்டும் வெறகு. பதிவாகாத படம் படமே இல்ல, சட்டம் மாட்டின துணி. மூணு ஊர்ல கேட்டாச்சு சார், மனப்பாடமாயிருச்சு. படம் இருந்தா எடுத்துட்டுப் போங்க. துணிய எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க."

தன் உரையை எதிர்த்துப் பேச டாக்டர் பிளைத்துக்கு வரவில்லை. அதை அவர் அவ்வளவு நம்பினார். ஆனால் மனிதர் லேசில் விடுகிறவர் அல்ல.

"துணி உங்களுடையது," என்றார் நிமிர்ந்து நின்று. "சட்டம் எங்களுடையது."

"சட்டம் எப்பவும் ஒங்ககிட்டதான சார்," என்றார் அசரையா மாமா. "கழட்டிக்குங்க. ஸ்குரூ டிரைவர் தரட்டுமா?"

பதினோரு சட்டங்களையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் அன்றைக்கே போனார். போகும்போது பிலோமினா அவர் கையில் ஒரு துண்டுப் பழக் கேக்கைத் திணித்தாள். முக்காட்டு நாளில் வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது. கார்லீன் வண்டியில் ஏறவில்லை. பாக்கிப் பத்துப் பேரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாளைக்கு பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

வெறும் சட்டங்களைக் கழகம் தலைநகரத்தில் வரிசையாக மாட்டியது. கூட்டம் அலைமோதியதாகப் பத்திரிகைகள் எழுதின. கறுப்பு உடுத்தியவர்கள் தலையைச் சாய்த்து, சட்டத்துக்குள் தெரிந்த சுவரை நெடுநேரம் பார்த்தார்கள். அத்தனையும் 'மிக ஆழம்'. அந்த வருடம் கழகத்துக்கு மானியம் இரண்டு மடங்காயிற்று.

பிரிம்ஸ் குடா மண்டபத்தில் பதினோரு துணிகளும் ஆணியில் தொங்குகின்றன. அடியில் பெயர்கள் திரும்ப வந்துவிட்டன. குளிர்காலம் முடிவதற்குள் யூனா பன்னிரண்டாவதாக ஒன்று வரைந்து, சிரிலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதில் முகம் கிடையாது. தோளுக்கு மேலே ஒரு தலையணை உறை, அவ்வளவுதான். அந்த உறை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்கு மட்டும் அவள் பெயர் எழுதவில்லை. தேவைப்படவும் இல்லை. கதவைத் திறந்து வருகிறவன் பூட்ஸிலிருக்கும் பனியைத் தட்டுவதற்கு முன்னாலேயே, "அட, நம்ம டாக்டரு!" என்று சிரிக்கிறான்.

பிலோமினா தினமும் கடைக்குப் போகிற வழியில் உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.

"சிரில், பக்கத்துல ஆள் வந்திருக்குன்னு பேச்சுக் குடுத்துடாத," என்று சொல்லிவிட்டுப் போகிறாள். "காதக் குத்தகைக்கு எடுத்துடுவாரு. நான் பேசறப்ப கேக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிறியே, அப்படியே இரு."